பதினாறு தழும்புகள்

முப்பத்தொரு ஒட்டகங்களைக் கொல்வதற்கு நாளைக் காலை ஒன்பது மணி என்று நேரம் குறித்திருந்தார்கள். இன்று காலை பத்து மணிக்குத்தான் அந்த வழக்கு என் கைக்கு வந்தது. எனக்கு வருவதெல்லாம் இப்படித்தான் வரும். எல்லாரும் கையை விரித்த பிறகு, "அந்த கதூரேயைக் கேட்டுப் பாருங்களேன்" என்று யாராவது சொல்லிவைப்பார்கள். போலீஸ் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. வயது ஐம்பத்து நாலு. வலது முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். சரி என்று வந்து தொலைக்கிறது.

இசியோலோ நகரத்தைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது குயோ, என் உதவியாளன். கால்நடைத் துறையில் இருபது வருஷம் ஊசி போட்டவன். முகாமைப் பார்க்க வந்த மேலதிகாரியிடம், "ஐயாவுக்கும் ஒண்ணு போட்டுறட்டுமா, வரிசையில நின்னுட்டீங்களே" என்று கேட்டதில் வேலை போயிற்று. வேலை போனதே தவிர வாய் போகவில்லை.

"கேஸைச் சொல்லுங்க இன்ஸ்பெக்டரம்மா. கொஞ்சம் சுருக்கமா. மிரா தழை தீர்றதுக்குள்ள," என்றான். கன்னத்தில், மென்றால் தூக்கத்தை விரட்டும் எங்கள் மேரு மலைத் தழையை ஒரு உருண்டையாக அடக்கியிருந்தான்.

சொன்னேன். தலாசோ என்பவள் ஒட்டகப் பால் விற்கிறவள். மார்ச் மாதக் கடைசியில் அவளுடைய ஒட்டகங்கள் இருமத் தொடங்கின. ஏப்ரல் இரண்டாம் தேதி அவளே வந்து அலுவலகத்தில் சொன்னாள். அவர்கள் வந்து பார்க்க ஜூன் ஆகிவிட்டது. பார்த்தவர்கள் அது கொரோனா வகையில் ஒன்று என்றார்கள். ஒட்டகத்துக்கு இருமலோடு போகும், மனிதனுக்கு வந்தால் ஆளையே அடிக்கும். கண்டதும் சொன்னவர்களுடைய மந்தையை நாற்பது நாள் தனியே நிறுத்தி வைப்பார்கள். மறைத்தவர்களுடைய மந்தையைக் கொன்று புதைப்பார்கள். அதுதான் சட்டம்.

"அவதான் சொல்லிட்டாளே, அப்புறம் என்ன?"

"மூணு மாசமா இருக்குன்னு அவ சொல்றா. பதினோரு மாசமா இருக்குன்னு வைரஸ் சொல்லுதாம்."

குயோ வண்டியை ஒரு பள்ளத்தில் விட்டு எடுத்தான். "வாக்குமூலத்துல யார் முதல்ல கையெழுத்துப் போட்டது, வைரஸா அவளா?"

நைரோபி ஆய்வகம் கொடுத்த அறிக்கை என் மடியில் இருந்தது. எல்லைச் சந்தையில் மார்ச் மாதம் ஒரு ஒட்டகத்திடமிருந்து எடுத்த வைரஸையும், தலாசோவின் மந்தையில் இப்போது ஜூனில் எடுத்த வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் உறவு. ஆனால் இருபத்திரண்டு இடத்தில் வித்தியாசம். இந்த வைரஸ் மாதத்துக்கு இரண்டு இடத்தில்தான் மாறுமாம். இருபத்திரண்டை இரண்டால் வகுத்தால் பதினோரு மாதம். அப்படியானால் இரண்டும் போன வருஷமே பிரிந்திருக்க வேண்டும். ஆகையால் நோய் அப்போதிருந்தே அவள் மந்தையில் இருந்திருக்கிறது, அவள் மறைத்துப் பால் விற்றிருக்கிறாள் என்று முடித்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி சுத்தமாக இருந்தது. அத்தனை சுத்தமான கணக்கைப் பார்த்தாலே எனக்கு அலுப்பாக வரும்.

*

தலாசோவுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. முள்வேலிக்குப் பக்கத்தில் நின்றபடியே எங்களைப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை. ஒரு வாரமாக மற்ற பால்காரிகள் அவள் ஏறும் வண்டியில் ஏறுவதில்லை என்று வழியிலேயே கேள்விப்பட்டிருந்தோம். இருந்தாலும், பால் கெடாதிருக்கப் புகைபோட்ட குடுவையிலிருந்து பால் ஊற்றிக் கொதிக்கவைத்துத் தேநீர் தந்தாள். நானும் குயோவும் முகக்கவசத்தை இறக்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டோம்.

எல்லைச் சந்தையிலிருந்து ஒட்டகம் ஏதாவது வாங்கினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அங்கே போய்வந்த ஒட்டகம் எதுவும் மந்தைக்குள் வந்ததா. வரவில்லை. நன்றாக யோசித்துச் சொல் என்றேன், ஏனென்றால் வந்தது என்று அவள் சொன்னால்தான் அவளுக்கு நல்லது. மார்ச்சில் சந்தையிலிருந்து நோய் வந்தது என்றால் அவள் கதை நிற்கும். வரவில்லை என்றால் அறிக்கை நிற்கும்.

"ஒட்டகம் எதுவும் வரல அக்கா," என்றாள் தலாசோ. கண் வேலிக்குப் பின்னால் ஒரு தரம் போய்த் திரும்பியது.

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற ஆளை முன்னேயும் பார்த்திருக்கிறேன். பொய் என்றே நினைத்தேன். ஒட்டகத்தை வாங்கினால் அதன் உடம்பிலே பழைய சொந்தக்காரனின் சூட்டுக்குறி இருக்கும், அதை அழிக்க முடியாது. ஆகவே முழங்காலைத் திட்டிக்கொண்டே மந்தைக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டாவதாக ஒரு மூத்த பெண் ஒட்டகம். கழுத்திலும் மாரிலும் தொடையிலுமாக ஒன்பது சூடு. எனக்குள் பழைய போலீஸ்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"இது ஒன்பது கை மாறின ஒட்டகமா தலாசோ?"

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "மேருக்காரங்களுக்கு ஒட்டகத்தைக் காட்டக் கூடாது," என்று குயோவிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் காட்டினாள். தொடையில் இருந்த இரண்டு வளைந்த கோடுதான் சொந்தக்காரர் குறி. ஒன்று அவள் அப்பாவுடையது, ஒன்று அவளுடையது. மற்ற ஏழும் வைத்தியம். மூட்டு வீங்கினால் ஒரு சூடு, நெஞ்சு அடைத்தால் ஒரு சூடு. எல்லாம் ஒரே இரும்பு, ஒரே வட்டம், எப்போதும் அதே இடங்கள். இந்த ஊரில் உறவே இல்லாத இரண்டு மந்தை ஒட்டகங்களைப் பக்கத்தில் நிறுத்தினாலும் அதே இடத்தில் அதே வட்டம் இருக்கும் என்றாள்.

"சூட்டை எண்ணி வயசு சொன்னா, சீக்காளி ஒட்டகம்தான் ஊருக்கே பெரியவர்," என்றான் குயோ.

திரும்பும்போது வேலிக்குப் பின்னால் ஒரு தகரக் குவளை நிறையப் பால் மூடிவைத்திருந்தது. பக்கத்தில் செய்தித்தாளில் மடித்த சர்க்கரைப் பொட்டலம். யாருக்கு என்று குயோ கேட்டான். தாயில்லாத கன்றுக்கு என்றாள் தலாசோ.

"சக்கரை போட்டுக் குடிக்கிற கன்னுக்குட்டியா? எங்க டிபார்ட்மென்ட்ல அப்படி ஒண்ணு இருந்திச்சு. இப்ப அது டைரக்டர்."

அவள் குவளையை இன்னும் உள்ளே தள்ளிவைத்தாள். எனக்குக் கால் வலியில் வண்டியில் ஏறினால் போதும் என்றிருந்தது. அங்கேயே நான் அதைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

*

அறிக்கை எழுதியவர் டாக்டர் சியோம்புவா. நாளைக் காரியத்தை மேற்பார்வை பார்க்க நைரோபியிலிருந்து வந்திருந்தார். இசியோலோ கால்நடை அலுவலகத்தின் பின்னறையில், மேஜைமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினோம். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கரு வளையம். ஒரே நாளில் முடிவு வேண்டும் என்று நோய்த் தடுப்புக் குழு கேட்டதாம், ஒரே நாளில் கொடுத்தாராம். அதிலே சந்தேகம் என்று யாராவது வந்தால் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

காலையில் பார்த்த ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது சூடு, இரண்டு சொந்தக்காரர், ஏழு வைத்தியம். பிறகு கேட்டேன்.

"இந்த இருபத்திரண்டு மாத்தமும் ஒரே சாதியா டாக்டரம்மா? இல்ல இதுலயும் வைத்தியச் சூடு இருக்கா?"

சியோம்புவா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தாளை இழுத்து, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு மாற்றமாக வட்டம் போட ஆரம்பித்தார். குயோ பக்கத்தில் நின்று எண்ணினான். பன்னிரண்டுக்கு மேல் அவன் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. பதினாறில் பென்சில் நின்றது.

வைரஸ் என்பது நாலே எழுத்தில் எழுதின ஒரு நீளச் சீட்டு என்று அவர் விளக்கினார். பெருகும்போது தன்னைத்தானே பார்த்து எழுதும், எழுதும்போது எங்கேயாவது தப்பு விடும். அந்தத் தப்புதான் மாதத்துக்கு இரண்டு. அதை வைத்துத்தான் எப்போது பிரிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். வட்டம் போட்ட பதினாறும் அந்த வகையில்லை. பதினாறிலும் 'சி' என்ற எழுத்து 'யு' ஆகியிருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

"நோய் புகுந்த உடம்பும் சும்மா இருக்காது," என்றார். "உள்ள ஒரு காவக்காரன் இருக்கான். வைரஸோட சீட்டு கையில மாட்டினா சுரண்டிவிடுவான். சி-யை யு ஆக்கிடுவான். அவனுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். இது வைரஸ் விட்ட தப்பு இல்ல. அது தங்கின உடம்பு போட்ட சூடு. மாசக் கணக்குல இதைச் சேக்கவே கூடாது."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதா?"

"தெரியும். பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்." கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எண்ணிச் சொல்லுன்னு கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தேன். அது எண்ணிச் சொல்லிடுச்சு."

இருபத்திரண்டில் பதினாறு போனால் ஆறு. மாதத்துக்கு இரண்டு என்றால் மூன்று மாதம். மார்ச்சில் சந்தையில் இருந்த வைரஸ், ஜூனில் தலாசோவின் மந்தையில். அவள் சொன்ன தேதி அப்படியே வந்து உட்கார்ந்தது. அவள் மறைக்கவில்லை. குயோ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் எங்கேயாவது ஆட்டிறைச்சி சாப்பிடலாம், கணக்குப் போட்டுப் பசிக்கிறது என்றான். நானும் எழுந்துவிட்டேன். ஒரு வழக்கு இப்படிச் சுலபமாக முடிந்து எத்தனை வருஷமாயிற்று என்றுகூட நினைத்தேன்.

சியோம்புவா எழுந்திருக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துக்கு ரெண்டுங்கிற கணக்கே ஒட்டகத்துல எடுத்ததுதான்," என்றார். "ஒட்டக உடம்பும் சுரண்டும். ஆனா இவ்வளவு சுரண்டினதை நான் பாத்ததில்ல. சுரண்டின இடத்தையும் பாருங்க. பக்கத்து எழுத்து என்னன்னு பாத்துப் பாத்துச் சுரண்டியிருக்கு. இது மனுஷ உடம்போட பழக்கம். அதுவும் சீக்கிரம் செத்த ஆளுமில்ல, சீக்கிரம் குணமான ஆளுமில்ல. காவக்காரனால சுரண்ட முடியுது, ஆனா விரட்ட முடியல. அப்படி ஒரு நோஞ்சான் உடம்புல வாரக்கணக்கா தங்கிட்டு, அப்புறம்தான் இது ஒட்டகத்துக்குப் போயிருக்கு."

ஆக, சந்தை ஒட்டகத்திடமிருந்து நேராக இந்த மந்தைக்கு வரவில்லை. ஆளிடமிருந்து ஒட்டகத்துக்குப் போயிருக்கிறது. ஒட்டகம் எதுவும் வரவில்லை என்றுதான் தலாசோ சொன்னாள். ஆள் வரவில்லை என்று அவள் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை.

குயோ மெதுவாகச் சாவியைப் பைக்குள் போட்டான். "சக்கரை போட்டுக் குடிக்கிற கன்னு," என்றான். இந்தத் தடவை அது ஜோக் இல்லை.

சியோம்புவாவிடம் நேரடியாகவே கேட்டேன். ஆறு என்று மட்டும் திருத்தி எழுதினால் மந்தை பிழைக்குமா? மற்ற பதினாறும் எங்கிருந்து வந்தது என்று குழு கேட்கும், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஆள் யாரென்று சொல்லாவிட்டால் திருத்தத்தை நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஆள் இன்னும் உயிரோடு இருந்தால் ரொம்ப நாள் தாங்காது என்றார். திருத்தம் கொடுக்க ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. அப்போது மணி இரண்டரை.

*

மறுபடியும் அதே நாற்பது கிலோமீட்டர். குயோ மிரா உருண்டையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வண்டியை விரட்டினான். 

தலாசோ எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். வேலிக்குப் பின்னால் போகிற வழியை மறித்து நின்றாள். நான் கணக்கைச் சொன்னேன், பதினாறைச் சொன்னேன், உள்ளே இருக்கிறது யார் என்று கேட்டேன். ஒட்டகங்களைப் பார்த்தபடியே சொன்னாள். தம்பி ஜத்தானி. எல்லைச் சந்தையில் லாரியில் ஒட்டகம் ஏற்றுகிற வேலை. மார்ச் மாதத் தொடக்கத்தில் காய்ச்சலோடு வந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் அவனுக்குச் சிறுநீரகம் மாற்றியது. அது ஒட்டிக்கொள்வதற்காக உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிற மாத்திரையை அன்றிலிருந்து தினமும் சாப்பிடுகிறான்.

"சிறுநீரகம் யார் குடுத்தது?"

அவள் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, பழைய ஸ்டேஷன் குரல்.

"அந்தக் கொரோனா வருஷத்துல எங்கப்பாவை இப்படித்தான் வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சு," என்றாள் தலாசோ. "தனி ரூம்ல வெச்சாங்க. பாக்க விடல. எட்டாம் நாள் பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தாங்க. பிரிக்கக் கூடாதுன்னாங்க. குளிப்பாட்டாம மண்ணுக்குள்ள வெச்சேன் அக்கா, என் அப்பாவை. இவனையும் அப்படி வாங்கிக்க என்னால ஆகாது. தேதியை நான் மறைக்கல. உண்மையான தேதியைச் சொன்னா அது போதும், ஆளைக் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

மணியைப் பார்த்தேன், நாலு தாண்டியிருந்தது.  

வேலிக்குப் பின்னால் இருமல் கேட்டது. பிறகு ஆளே வந்துவிட்டான். போர்வையைத் தோளில் போட்டு, ஒரு கையால் முள்வேலியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குயோ ஒரு முகக்கவசத்தை நீட்டினான், மரியாதையாக வாங்கிப் போட்டுக்கொண்டான். போர்வை விலகின இடத்தில் நெஞ்சு தெரிந்தது. எலும்புக்கு நடுவே ஏழு வட்டத் தழும்பு. காலையில் அந்த மூத்த ஒட்டகத்தின் மாரில் பார்த்த அதே இரும்பு. வேறு யாரைக் கூப்பிட முடியும், அக்காவே பழுக்கக் காய்ச்சிச் சுட்டிருக்கிறாள்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றான் ஜத்தானி என்னிடம். பிறகு அக்காவிடம் திரும்பினான். "நான் போகலைன்னா இதுங்க முப்பத்தொண்ணும் போகும். அப்புறம் நீ என்னத்தை வெச்சுப் பிழைப்ப?"

"போகாதடா."

"ஏழு தடவ சுட்ட. தாங்கிக்கிட்டேன்ல? இப்ப நீ தாங்கிக்க."

தலாசோ சத்தம் போட்டு அழவில்லை. வழியை விட்டு நகர்ந்தாள், அவ்வளவுதான். நான் சியோம்புவாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பதினாறுக்கும் ஆள் கிடைத்தாயிற்று, பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஜத்தானியே பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான், வந்த தேதியையும் சொன்னான். அவர் மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது. மந்தைக்கு நாற்பது நாள் தனிமை, மேய்க்கிறவளும் வேலியைத் தாண்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். மணி நாலு இருபது.

குயோ வண்டியின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, முன் கதவைத் திறந்து பிடித்தான். அந்த இருக்கை ஒன்பது வருஷமாக என் முழங்காலுக்கு என்று ஒதுக்கியது. நான் பின்னால் ஏறினேன்.

வண்டி நகரும் முன் தலாசோ வேலிவரைக்கும் வந்தாள், அதற்கு மேல் வரவில்லை. அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை என் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரி டீயில சக்கரையே போட மாட்டாங்க. இவன் குடிக்க மாட்டான்," என்றாள். பிறகு ஜன்னலிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "நாப்பது நாள் என்னால வர முடியாது. ரூம் வாசல்ல நீங்க தினமும் போய் ஒரு தடவ நிக்கிறீங்களா அக்கா? ஏதாவது ஆச்சுன்னா பிளாஸ்டிக் சுத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

என் வழக்கு முடிந்துவிட்டது. வாசலில் நிற்க இந்தக் காலால் ஆகாது. ஆஸ்பத்திரிக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டும் வயதும் எனக்கு இல்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி," என்றேன்.